மேலேயிருந்து தெரியாத மேடு பள்ளம்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனுக்கு வடக்கே நேரூம் என்றோர் ஊர். அங்கே ஒரு பொதுப் புல்வெளியில் 40 சிறு தோட்டங்கள், ஒவ்வொன்றும் முட்டை வடிவில். ஏறத்தாழ 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் உயிர்வேலி, உள்ளே ஒரு குடில், பூச்செடிகள், காய்கறிப் பாத்தி. நிலவடிவமைப்பாளர் சி.டி. சோரென்சென் 1948-இல் வகுத்தது. 1952 வாக்கில் முடிந்தது.

விமானத்திலிருந்து எடுத்த இதன் படங்கள் பிரசித்தம். பார்த்தவுடன், "அடடா, வாசலில் போட்ட கோலம் மாதிரி இருக்கே!" என்று சொல்லத் தோன்றும். படத்தின் வெற்றி அது. குறையும் அதிலேதான் என்பது என் கருத்து.

முதலாவது, அந்த நிலம் சமதரை இல்லை, சரிவு. நேர் மேலேயிருந்து எடுத்த படம் மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. தரையில் நடப்பவருக்கோ ஒரு வேலி மேலே, இன்னொன்று கீழே. வளைவு திரும்பினால்தான் அடுத்தது தெரியும். அந்த நடைச்சுகம் படத்தில் கிடையாது.

இரண்டாவது, படம் திட்டம் வரைந்தவரின் கையைக் காட்டுகிறது, மண்ணைக் கொத்தியவரின் கை தெரிவதில்லை. இது சோரென்செனுக்கே பொருந்தாத புகழ். 1943-இல் எம்த்ருப்பில், பழைய பலகையும் செங்கல்லும் கொண்டு குழந்தைகள் தாங்களே கட்டி விளையாடும் மைதானம் உருவானது அவருடைய யோசனையால்தான். பயன்படுத்துகிறவரை நம்பியவர் அவர்.

மூன்றாவது, வேலி எதற்கு? போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் இருக்கத்தானே! வானத்துக் கண்ணுக்கு அந்த மரியாதை தெரியாது.

அப்படியானால் வான்படமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். வேலிகளுக்கு நடுவே பொதுவாக விட்ட புல்வெளி எவ்வளவு தாராளம் என்பதை மேலேயிருந்துதான் முழுசாகப் பார்க்க முடிகிறது. தனக்கென்று கொஞ்சம், எல்லாருக்கும் என்று கொஞ்சம்; ரெண்டும் சேர்ந்தால்தான் அது குடியிருப்பு. இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே அந்தப் படத்தை நான் போற்றுவேன்.

இன்று ட்ரோன் வந்துவிட்டது. வெளிமாநிலத்தில் அடுக்ககங்களில் வாழும் நம்மவர்களும் விழா என்றால் வளாகத்தை மேலேயிருந்து படம் பிடிக்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. கூடவே, மாடியில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலை வளர்க்கும் மாமியிடம் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பேரப்பிள்ளைகள் நாளைக்குத் தேடப்போவது அந்தப் படத்தைத்தான்.