வில்லன் வேடம் பூண்ட தொழிலாளி

திரைப்படப் பாத்திரங்களுள் வில்லனுக்கே நாம் மிகக் குறைந்த மதிப்பினைக் கொடுத்து வருகின்றோம். கதாநாயகனின் நடிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்கள், வில்லனாக வருபவரைப் 'பயங்கரமாக நடித்துள்ளார்' என்ற இரு சொற்களில் அனுப்பிவிடுகின்றனர். ஆனால் ஒரு சமுதாயம் எதனைக் கண்டு அஞ்சுகின்றது, எவனை வெறுக்குமாறு மக்களைப் பழக்குகின்றது என்பவற்றை அறிய விரும்புவோர் முதலில் வில்லனையே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குவோர்க்கு, ஹொலிவூட்டிற் பயங்கர நடிகரெனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் பொறிஸ் கார்லொவின் (1887–1969) திரைவாழ்வு நல்லதொரு பாடநூலாகும்.

பெயரைக் கேட்டதும் உருசியர் என்றே எண்ணத் தோன்றும். அப்பெயர்தான் அவர் பூண்ட முதல் வேடம். இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராற். பிறந்த இடம் தென் லண்டனிலுள்ள கம்பர்வெல். தந்தையார் இந்தியாவில் உப்புவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஏழையின் கஞ்சிக்கு இடும் உப்புக்கும் வரி தண்டிய அதே திணைக்களந்தான். தந்தைவழி, தாய்வழி இரண்டிலும் இந்தியக் கலப்பு உண்டென்பதனை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். அவருடைய தாய்வழிப் பாட்டியாரின் சகோதரி அன்னா லியனோவென்ஸ். சீயம் மன்னரின் அரண்மனையில் ஆசிரியையாயிருந்து, பின்னர் 'அரசரும் நானும்' என்ற இசைநாடகத்துக்குக் கதைப்பொருளான அதே அன்னாதான். இந்தியாவிற் பிறந்த அவர், தாம் வேல்ஸிற் பிறந்தவரென்றே உலகுக்குச் சொல்லி வாழ்ந்து முடித்தார். ஒருவருடைய தோலின் நிறம் அவருடைய சம்பளத்தையும் சம்பந்தத்தையும் தீர்மானித்த பேரரசில் இவ்வாறான பொய்கள் எத்தனை குடும்பங்களுக்கு உணவளித்திருக்கும்!

சகோதரர் ஜோன் பிராற் சீனத்திற் கொன்சல் சேவையில் உயர்ந்து 'சேர்' பட்டமும் பெற்றார். வில்லியமும் அவ்வழியே செல்வாரென்றுதான் குடும்பத்தினர் எதிர்பார்த்தனர். அவரோ 1909இற் கனடாவுக்குக் கப்பலேறினார். பண்ணைக் கூலியாக உழைத்தார். ஊரூராகத் திரிந்த நாடகக் குழுவொன்றிற் சேர்ந்தபோது கார்லொவ் ஆனார். அது தாய்வழி முன்னோரின் பெயரென்று அவர் சொல்லிக்கொண்டார். அவருடைய மகளோ அதற்கு ஆதாரம் காணவில்லை. பிராற் என்ற ஆங்கிலப் பெயரோடு மாநிறத்தவரொருவர் மேடையேறினால் 'இவர் யார்?' என்ற கேள்வி எழும். கார்லொவ் என்றால் அக்கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும். இது எமது ஊகம்.

ஹொலிவூட்டில் அவர் முதற் பத்தாண்டுக்கு மேலாகச் சிறு வேடங்களையே பெற்றார். அராபியன், இந்தியன், மெக்சிக்கன் என்று 'அந்நியன்' எவன் தேவைப்பட்டாலும் அவரை அழைத்தனர். வேடம் கிடைக்காத நாட்களில் லொறி ஓட்டினார். 1931இல் 'பிராங்கன்ஸ்ரைன்' படத்துக்கு இயக்குநர் ஜேம்ஸ் வேல் அவரைத் தெரிந்தெடுத்தபோது அவருக்கு வயது 43.

மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் வரும் படைப்புயிர் நூல்களைப் படிக்கும். தன்னைப் படைத்தவனோடு வழக்காடும். திரைப்படம் அதன் வாயை அடைத்துவிட்டது. அது மாத்திரமன்று, நாவலில் இல்லாத நிகழ்ச்சியொன்றையும் புகுத்தியது. விஞ்ஞானியின் உதவியாளன் நல்ல மூளையைத் தவறவிட்டு, குற்றவாளியொருவனின் கெட்ட மூளையைக் கொண்டுவந்து சேர்க்கின்றான். அதாவது, பூதம் கொலை செய்வது பிறவிக் குணத்தால் என்பது கதைவசனக்காரரின் தீர்ப்பு. பிறப்பினாலேயே மனிதரைத் தரம் பிரிக்கும் இப்பிற்போக்குக் கொள்கைக்கு எதிராக, ஒரு வசனமும் இல்லாத நடிகர் தம் உடலை மாத்திரம் கொண்டு வாதாடுகின்றார். கூரைச் சாளரம் திறக்கப்பட்டு, முதன்முறையாக ஒளி முகத்தில் விழும் காட்சியை நோக்குக. ஒளியைப் பிடிக்க முடியுமென்று நம்பும் குழந்தையைப் போல அவ்விரு கைகளும் மேலெழுகின்றன. சாளரம் மூடப்பட்டதும் அதே கைகள் எசமானை நோக்கி இரந்து நீளுகின்றன. அடுத்து அவ்வுயிருக்குக் கிடைப்பன தீப்பந்தமும் சங்கிலியுமே. ஏரிக்கரையில் மரியா என்ற சிறுமி பூக்களைக் கொடுக்கின்றாள். இருவரும் அவற்றை நீரில் மிதக்கவிட்டு மகிழ்கின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் பூவைப்போல மிதப்பாளென்று எண்ணி அவளைத் தூக்கி எறிகின்றான். தணிக்கையாளர் பல இடங்களில் இக்காட்சியின் முடிவை வெட்டியதனால், பார்ப்போர் இதனிலும் கேவலமான ஒன்றைக் கற்பனை செய்ய நேர்ந்தது. 1980களிலேயே அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. கெட்ட மூளை என்ற பொய்யை அவ்வொரு காட்சியே உடைத்துவிடுகின்றது என்பது எமது துணிபு.

அப்பூதத்தின் முகத்துக்குப் பின்னால் மறைந்துள்ள உழைப்பையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்பனைக் கலைஞர் ஜக் பியேர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் அம்முகத்தை உருவாக்கினார். கன்னம் குழிவிழுவதற்காகக் கார்லொவ் தமது செயற்கைப் பற்களைக் கழற்றினார். கண்கள் அளவுக்கு மீறி உயிரோட்டமாக உள்ளனவென்று இமைகளில் மெழுகு பூசச் செய்தார். கனத்த சப்பாத்துகளுடன், கதாநாயகனைச் சுமந்துகொண்டு குன்றேறும் காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்ததன் முதுகுவலி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. ஒரு நாட் படப்பிடிப்பு 24 மணிநேரத்தையும் தாண்டியது என்கின்றது நடிகர் சங்க வரலாறு. இத்தனைக்கும் படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலிற் பூதத்துக்கு நேரே காணப்பட்டது ஒரு கேள்விக்குறி! பொதுமக்களின் ஆவலைத் தூண்டும் வியாபார உத்தி அது. உழைத்தவன் பெயர் மறைவதும் முதலிட்டவன் பெயர் ஒளிர்வதும் ஆலைகளுக்கு மாத்திரம் உரிய வழக்கமல்ல போலும்.

1933 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டிப் படநிறுவனங்கள் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தன. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் படநடிகர் சங்கம் தோன்றியபோது அதனைத் தொடக்கியவர்களுள் கார்லொவும் ஒருவர். அவருடைய அங்கத்துவ எண் 9. அப்பொழுது அவர் புகழின் உச்சியில் நின்றார். தமக்கு மட்டும் சலுகை கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கும். முதலாளிகள் சங்கத்தை அங்கீகரித்தது 1937இலேதான், வேலைநிறுத்த எச்சரிக்கைக்குப் பின்னர். அவர் புரட்சிவாதியல்லர், அவ்வாறு காட்ட நாம் முயலவுமில்லை. ஆயினும் சங்க நிருவாகத்திற் பல ஆண்டுகள் உழைத்தார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு 1932ஆம் ஆண்டின் 'பூ மாஞ்சுவின் முகமூடி'யைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. செங்கிஸ்கானின் கல்லறையைத் தோண்டி, முகமூடியையும் வாளையும் பிரித்தானிய அரும்பொருளகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பும் வெள்ளையர் இப்படத்தில் அறிஞர். அவற்றைத் தன் கண்டத்துக்கு உரியனவென்று சொல்லும் சீனன் கொலைகாரன்! யப்பான் மஞ்சூரியாவினுள் புகுந்து ஓராண்டு சென்றபின், ஆக்கிரமிப்புக்குள்ளான நாட்டவனையே உலகின் பேராபத்தாகக் காட்டிய படம் இது. சீன அரசின் பிரதிநிதிகள் கண்டனம் தெரிவித்தமையில் வியப்பில்லை. பூதத்துக்கு மனிதத்தன்மை அளித்த கார்லொவ் சீனனுக்கு அதில் ஒரு துளியும் அளிக்கவில்லை. கண்களை இழுத்துக் கட்டி, நீண்ட நகங்களை ஆட்டி, சுவைத்துச் சுவைத்து நடிக்கின்றார். தம் மரபை வெளியிற் சொல்லாத ஒருவர் இன்னோர் ஆசிய இனத்தை இழிவுசெய்து புகழீட்டியதனை மன்னிக்க எமக்கு மனம் வரவில்லை. வயிற்றுப் பிழைப்பு என்ற வாதம் லொறி ஓட்டிய காலத்துக்குப் பொருந்தும், 1932க்குப் பொருந்தாது. பிற்காலத்தில், மிஸ்டர் வொங் என்ற சீனத் துப்பறிவாளராக ஐந்து படங்களில் அவர் கண்ணியமாக நடித்தார். ஆனால் 1940இல் வந்த அவ்வரிசையின் ஆறாவது படத்தில் அவ்வேடம் கீ லூக் என்ற சீன நடிகருக்குக் கிடைத்ததுதான் உண்மையான முன்னேற்றம்.

எமது மதிப்பீட்டில் கார்லொவின் தலைசிறந்த வில்லன், 1945இல் றொபேட் வைஸ் இயக்கிய 'பிணத் திருடன்' படத்தில் வரும் குதிரைவண்டிக்காரன் கிறே. ஸ்ரீவன்சனின் சிறுகதையைத் தழுவிய படம். எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்ற இருவர் 1828இல் 16 பேரைக் கொன்று, உடல்களை உடற்கூற்று ஆசிரியருக்கு விற்றனர். பேர்க் தூக்கிலேறினான், வாங்கிய வைத்தியர் நொக்ஸ் மீது வழக்கேதும் இல்லை. 1832இல் வந்த சட்டம், ஏழைகள் விடுதியில் உரிமை கோருவாரின்றி இறப்போரின் உடலை அறுக்க வழிசெய்தது. களவு நின்றது, கத்திக்கு இரையானது அதே வர்க்கந்தான்.

இப்பின்னணியிற் கிறே பிணம் கொண்டுவருகின்றான். ஹென்றி டானியல் நடிக்கும் வைத்தியர் மக்பார்லேன் வாங்குகின்றார். முன்னொரு வழக்கில் வைத்தியரைக் காட்டிக்கொடாது தண்டனையைத் தான் ஏற்றவன் கிறே. ஆகையால் அவரை இளமைப் பெயரால் அழைக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு, பலர் முன்னிலையில் அழைத்து மகிழ்கின்றான். தான் சிறியவன், ஏழை. ஆயினும் இப்பெரிய மனிதர் தன் சொல்லுக்கு ஆடும்வரை தானும் ஒரு மனிதன் என்று அவன் எண்ணும் இடத்திற் கார்லொவின் குரல் தாழ்ந்து, ஏறத்தாழ இரகசியமாகின்றது. அவன் குதிரையிடம் அன்புடையவன். நடக்கவியலாத சிறுமியிடமும் அன்புடையவன். தெருப்பாடகியைக் கொல்லவும் தயங்காதவன். ஏழை என்பதனால் அவன் நல்லவனாக்கப்படவில்லை. கொலைகாரன் என்பதனால் அவனுடைய நியாயமான சினம் மறைக்கப்படவுமில்லை. நம் எழுத்தாளர் பலர் சுரண்டப்படுவோனைக் குற்றமற்ற பொம்மையாக்கிவிடுகின்றனரே, அவர்கள் இவ்வண்டிக்காரனைப் பார்க்க வேண்டும்.

இறுதிக்காலத்துப் படங்களிற் பல விரைவில் மறக்கத்தக்கவை. 1968இற் பீற்றர் பொக்டனோவிச் இயக்கிய 'இலக்குகள்' அவ்வாறானதன்று. அதில் அவர் ஏறக்குறைய தம்மையே நடிக்கின்றார். நாளேடுகளின் செய்திகளுக்கு முன்னால் தம்முடைய பூதங்கள் பழைய வேடிக்கையாகிவிட்டன என்று கருதி ஓய்வுபெற விரும்பும் முதிய நடிகர் ஓர்லொக். மறுபுறம், நல்ல வீடும் சிரித்த முகமும் துப்பாக்கி அலுமாரியும் உடைய இளைஞனொருவன் தன் மனைவியையும் தாயையும் கொன்றபின், திறந்தவெளித் திரையரங்கின் திரைக்குப் பின்னாலிருந்து அந்நியர்களைச் சுடுகின்றான். முதியவர் ஊன்றுகோலுடன் அவனை நோக்கி நடக்கின்றார். அதே வேளையிற் பெருந்திரையில் அவருடைய வேடமும் நடந்து வருகின்றது. எதனைச் சுடுவதென்று அறியாது இளைஞன் தடுமாறுகின்றான். முதியவர் துப்பாக்கியைக் கோலினாற் தட்டிவிட்டு, கன்னத்தில் அறைகின்றார். அவன் சிறுபிள்ளைபோல் மூலையில் ஒடுங்குகின்றான். இதற்கா அஞ்சினேன் என்பதுபோல அவர் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றார்.