வாந்தி என்னும் குறி

தமிழ் சினிமாவில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினால் போதும். மாமியார் சிரிப்பாள், புருஷன் நிமிர்வான், மாங்காய் வந்து சேரும். அடுத்த காட்சி வளைகாப்பு. ஓடினவளுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. வாந்தி அங்கே வெறும் குறி. அது சுட்டுவது வம்சத்தை. வாந்தியெடுக்கிற உடம்பை அல்ல.

இந்த வாசிப்பை சினிமா தொடங்கி வைக்கவில்லை. புறநானூறு 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேரனைப் புகழ்கிறார்: அவன் மண்ணை வயாவுற்ற பெண்கள் தின்பார்களே தவிரப் பகைவர் கொள்ள முடியாது. கர்ப்பிணியின் நாக்கு அரசனின் எல்லைக்குச் சாட்சியாகிறது. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நடக்கமாட்டாமல் தளர்ந்து புளிக்கு ஏங்கும் நிறைசூலிகளைச் சொல்கிறார். அங்கே உடம்பு சற்றே எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் அவர்கள் மழைமேகத்துக்கு உவமைதான். எம்.ஏ. தேர்வில் இரண்டையும் 'இலக்கிய நயம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

பிறகு எனக்கே வந்தது. பதினாறு வாரம். தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆறு கிலோ குறைந்து, குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தேன். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதாம்மா, மனசைத் திடமா வச்சுக்க" என்றார் மருத்துவர்.

மனசு! இந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கர்ப்பத்தின் ஓயாத வாந்தியை, தாய் கருவை உள்ளூர மறுப்பதாக இருபதாம் நூற்றாண்டு உளப்பகுப்பாய்வாளர்கள் சிலர் வாசித்தார்கள். மறுபடியும் குறி, இம்முறை குற்றத்தின் குறி. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. கருவும் நஞ்சுக்கொடியும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்த உடம்பு, அதன் திடீர் ஏற்றத்தைத் தாங்குவதில்லை. ஆய்வாளர்களில் ஒருவரான மார்லினா ஃபெஜ்சோ 1999இல் இதே நோயில் தன் கருவை இழந்தவர். வாசிக்கப்பட்ட உடம்பு தன்னைத்தானே வாசிக்கத் தொடங்கியது.

மசக்கை என்ற சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. அதன் செல்லத்துக்குள் உயிர்போகிற நோயும் ஒளிந்துவிடுகிறது என்கிறேன். 1855இல் கர்ப்பிணியாகச் செத்துப்போன சார்லட் பிராண்டியைக் கொன்றது இதுவே என்று கருதுவோர் உண்டு.

கதை எழுதுகிற நண்பர்களே, அடுத்தமுறை உங்கள் பாத்திரம் கொல்லைப்புறம் ஓடினால் கூடவே போங்கள். எத்தனை நாளாக ஓடுகிறாள், வயிற்றில் என்ன தங்கியது, வாளியை யார் கழுவினார்கள் என்று கேளுங்கள். அதற்கப்புறம் மாங்காய் கொடுக்கலாம்.