வல்லும் வல்லக்கோட்டையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திற்கு அண்மையில் உள்ள வல்லக்கோட்டை, முருகன் திருக்கோயிலாற் சிறப்புற்ற ஊர். இப்பெயரின் முன்னுறுப்பாகிய 'வல்ல' என்பது, பண்டைத் தமிழர் பலகையில் ஆடிய 'வல்' என்னும் ஆட்டத்தைக் குறித்ததோ என்னும் எண்ணம் எமக்கு ஒருகால் எழுந்தது. 2022ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றதன் பின், கட்ட ஆட்டங்களின் தொன்மையைத் தமிழிற் காண விழைதல் இயல்பே. ஆயினும் விழைவு சான்றாகாது. ஆதலின் எம் எண்ணத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தொல்காப்பியனார் புள்ளிமயங்கியலில் 'வல்' என்னும் சொல்லின் புணர்ச்சியைத் தனியே கூறுகின்றார். அது தொழிற்பெயர் போல உகரம் பெறும். நாய், பலகை என்னும் சொற்கள் வருங்கால் அவ்வுகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு. எனவே வல்லுப்பலகை, வல்லப்பலகை என்னும் இரு வடிவும் பொருந்தும். 'நாய்' என்றது ஆடுகாயை. அகரப்பேறு இவ்விரு சொற்கே உரித்தாகலின், 'கோட்டை' வருமிடத்து 'வல்லுக்கோட்டை' என்றே நிற்றல் வேண்டும். வழக்கில் திரிந்தது எனின், திரிபின் இடைவடிவத்தைக் காட்டுதல் கடன். மேலும், அருணகிரிநாதர் பாடிய கோடைநகர் இவ்வூரே என்பது மரபு. வல்லன் என்னும் அசுரன் பெயரால் ஊர்ப்பெயர் அமைந்தது எனத் தலபுராணம் கூறும். இவற்றுள் எதனிலும் ஆட்டத்தின் சுவடு இல்லை. ஆகவே எம் முதல் எண்ணம் நில்லாது என்க.

ஊர்ப்பெயர் கைவிடினும், வல்லின் இயல்பை அறியச் சங்கப் பாடல்கள் கைவிடவில்லை. புறநானூற்று 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், பாழ்பட்ட பொதியிலில் நரைமூதாளர் காயிட்டு ஆடியதாற் குழிந்த இடங்களிலே காட்டுக்கோழி முட்டையிடுதலைக் காட்டுகின்றார். குழிகளைக் கண்டதும் இதனைப் பல்லாங்குழி எனத் துணிதல் தவறு. காய் இட்டமையாற் குழி தோன்றிற்றேயன்றி, காய் இடுதற்கெனக் குழி அகழப்படவில்லை. நெடுங்காலப் பழக்கத்தின் தேய்வே அது. அத்தேய்விற் காய்க்கு மாறாக முட்டை கிடத்தலே, ஊர் காடாகிய அவலத்தை ஒருங்கு உணர்த்துகின்றது.

அகநானூற்று 377ஆம் பாட்டிலோ, வல்லின் வனப்பு அழியச் சிதல் அரிக்கின்றது. சிதல் கல்லை அரிக்காது, மரத்தையே அரிக்கும். கலித்தொகை 94ஆம் பாட்டிற் கூனி குறளனை எள்ளுங்கால், எடுத்து நிறுத்திய வல்லுப்பலகையை உவமையாக்குகின்றாள். தூக்கி நிறுத்தத் தக்கது தரையில் வெட்டிய கட்டம் ஆகாது. தொல்காப்பியம் கூறும் 'பலகை', கலித்தொகை உவமை, அகநானூற்றுச் சிதல் ஆகிய மூன்றும் வல்லின் களம் மரப்பலகை என்பதில் ஒன்றுபடுகின்றன. கோயில் மண்டபத் தரைகளிற் காணும் கீறல் கட்டங்களை வல்லின் எச்சம் என்பார் இவ்வொற்றுமைக்கு விடை கூறுதல் வேண்டும்.

அதே அகப்பாட்டில் முதியோர் நடுங்கும் தலையைத் தாழ்த்திக் கவைபட்ட மனத்தொடு காயை இருத்துகின்றனர். இருவழியில் எதனைத் தெரிவது என மனம் கவைபடுதலின், இது கவறு உருட்டும் நற்பேற்றை மட்டும் நம்பிய ஆட்டமன்று எனக் கருதுதல் தகும். திருக்குறள் 94ஆம் அதிகாரம் கடியும் சூதின் பொருளிழப்பும் இவ்விரு பொதியிற் காட்சிகளில் இல்லை.

இனி, வல் சதுரங்கமே எனலாமோ எனின், ஆகாது. கட்டங்களின் எண்ணையோ காய்களின் வகையையோ இப்பாடல்கள் கூறவில்லை. இருநிறக் கட்டத்தையும் அங்குத் தேடுதல் வேண்டா. பழைய இந்திய அட்டாபதப் பலகையே நிறவேறுபாடின்றிக் கோடுகளால் 64 கட்டமாக வகுக்கப்பட்டது. நிறமூட்டும் வழக்கம் பின்னர் ஐரோப்பாவில் வேரூன்றியது.

மரப்பலகை, காய், தெரிந்து இருத்தும் மனம் ஆகிய இம்மூன்றே சான்று தருவன. பெருமை வேண்டி இவற்றின்மேல் ஒரு கட்டம் கூட்டினும், உள்ளதையும் இழப்போம்.