வேடர் மொழியும் வாழ்புலமும்: ஒரு மீள்நோக்கு

காடு வேடரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தமையாலேயே அவர்தம் மொழி பிழைத்தது என்னும் கருத்து இலங்கை ஆய்வுலகில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட 'வேடர்கள்' என்னும் நூல் பெறுமதி மிக்க ஆவணமே. ஆயினும், காட்டில் வாழ்ந்தோரை உண்மை வேடராகவும், கிராமத்திலும் கரையோரத்திலும் வாழ்ந்தோரைச் சிதைவுற்றோராகவும் நோக்கும் மனப்பாங்கு அதிலே உண்டு. இந்நோக்கு இன்று மறுபரிசீலனைக்குரியது என்பதே எமது கருத்து.

முதலாவது சான்று மொழியே. வேடர் மொழி, பழைய வேடர் மொழியொன்று சிங்களத்தோடு கொண்ட உறவிலே உருவான கலப்பு மொழி என்பதைக் கே. என். ஓ. தர்மதாச 1974 இல் எடுத்துக்காட்டினார். எனவே பிறமொழித் தொடர்பு மட்டுமே ஒரு மொழியை அழித்துவிடுவதில்லை. அத்தொடர்பு எத்தகைய சமூக உறவுகளின் கீழ் நிகழ்கின்றது என்பதே வினா.

இரண்டாவது சான்று பிரதேச வேறுபாடு. அனுராதபுர மாவட்டத்தில் நெல்லும் சேனையும் பயிரிட்ட வேடர் சிங்களம் பேசுவோராயினர். கிழக்குக் கரையோரத்தில் தமிழரிடையே வாழ்ந்தோர் தமிழ் பேசுவோராயினர். மகியங்கனையை அடுத்த தம்பானையிலோ வேட்டையும் தேனெடுத்தலும் நிலைத்தவரை அத்தொழில்களுக்குரிய சொற்களும் வழங்கின.

மூன்றாவது சான்று மிகக் கசப்பானது. 1983 இல் மதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. பல குடும்பங்கள் எனானிகல முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. முன்னோர் வேட்டையாடிய நிலத்தில் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. அங்கே காடு அழியவில்லை. காட்டில் வாழும் உரிமையே அழிந்தது. வயலிலும் சந்தையிலும் பாடசாலையிலும் சிங்களமே வழங்க, வேடர் மொழிக்கு அன்றாட வாழ்வில் இடம் இல்லாது போயிற்று. புவியியலை மட்டும் காரணங்காட்டுவோர் இவ்வுண்மைக்கு விடைகூற முடியாது.

'வன்னியலெத்தோ', அதாவது வனத்து மக்கள், எனத் தம்மை அழைத்துக்கொள்வோரின் மொழியைச் சொற்பட்டியலாக மட்டும் பேணுதல் போதாது. நிலவுரிமை பற்றிய கோரிக்கையினின்று மொழிப் பாதுகாப்பைப் பிரித்தல் இயலாது. தமிழ் ஆய்வாளருக்கும் இதிலே பொறுப்புண்டு. கரையோர வேடர் தமிழராயினர் என்று கூறி அமைதல் செலிக்மன் தம்பதியரின் தவற்றை வேறுவகையில் மீளச் செய்வதாகும். அவர்தம் சடங்குகளிலும் முதியோர் நினைவிலும் எஞ்சியிருக்கக்கூடிய சொற்களைத் தேடிப் பதிவதோடு, அம்மக்களின் உரிமைக் குரலுக்குத் துணைநிற்பதும் எமது கடனாகும்.