உளவியற் பள்ளிகளும் சேகர ஆயரும்: ஒரு திறனாய்வு

நம் இறையியற் கல்லூரிகளில் உளவியல் கற்பிக்கப்படும் முறையைக் குறித்து ஒரு குறையை எடுத்துரைக்க விழைகிறேன். 1879-இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் நிறுவியதிலிருந்து பாடம் தொடங்குகிறது. பின் அமைப்புக் கொள்கை, செயற்பாட்டுக் கொள்கை, வாட்சனின் நடத்தைக் கொள்கை, ஃபிராய்டின் உளப்பகுப்பு, முழுமைக் காட்சிக் கொள்கை, மாஸ்லோ, ராஜர்ஸ் என்று அரச பரம்பரையை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்து முடிகிறது. ஒவ்வொரு பள்ளியும் முன்னதை வென்று அரியணை ஏறியதாக மாணவர் எண்ணிக்கொள்கிறார். எவரிடம் கேட்டு, எவரைக் கண்டு அக்கொள்கை வகுக்கப்பட்டது என்ற வினா எழுவதேயில்லை.

இதன் விளைவைக் கண்டவன் நான். உண்மையைச் சொன்னால், விளைவித்தவனும் நானே. பல்லாண்டுகளுக்கு முன், தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில், பிள்ளை பெற்று மூன்று வாரமே ஆன ஓர் இளம்பெண் உறக்கமின்றித் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். குற்றால அருவியில் தலை நனைத்தால் சித்தம் தெளியும் என்பது நம் பக்கத்தார் நம்பிக்கையன்றோ? பச்சை உடம்புக்காரி என்றும் பாராமல் அங்கே கொண்டுபோயினர். பின்னர்க் கோடாங்கியிடம் சென்றனர். கடைசியாக, "ஐயரய்யா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று அவளுடைய மாமியார் என் முன் வந்து நின்றார். கோடாங்கி 'இசக்கி' என்றிருந்தார். நான் 'நனவிலி மனத்தின் ஒடுக்கம்' என்றேன். இரண்டு வாரம் அவளுடன் உரையாடி வீணாக்கினேன். இது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனநோய், தாமதித்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து என்று எடுத்துச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பியவர் சபையிலிருந்த ஒரு செவிலியர். மருந்தினால் அவள் தேறினாள். கோடாங்கியின் உடுக்கையும் என் பாடக்குறிப்பும் அன்று செய்த வேலை ஒன்றே: இரண்டும் பெயர் சூட்டின.

பெயர் சூட்டுவதற்கும் செவிமடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் நாட்டு உளவியல் வரலாறே காட்டுகிறது. அவ்வரலாறு நம் பாடத்தில் இடம் பெறவில்லை என்பதே என் முதற் குற்றச்சாட்டு. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் ஒடுக்கம் பற்றிய தம் ஆய்வேட்டை 1921-இல் ஃபிராய்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டு இந்திய உளப்பகுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் அவர் வெறும் சீடரல்லர். ஐரோப்பிய ஆண்களிடம் ஃபிராய்டு கண்ட விதையிழப்பு அச்சம் தம் இந்திய நோயாளிகளிடம் அத்துணை வலுவாகத் தோன்றவில்லை என்றும், பெண்ணாக இருக்க வேண்டுமென்ற விருப்பமே அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் 1929-இல் எழுதினார். ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று மனத்தில் உண்டு என்பது அவர் கொள்கை. ஃபிராய்டு அவ்வேறுபாட்டை மறுக்கவில்லை. கவனத்தில் கொள்வதாக மறுமொழி எழுதினார். தம் கொள்கையை மாற்றவுமில்லை. போஸ் கேட்ட குரல்களும் பெரும்பாலும் கல்கத்தாவின் கற்றறிந்த வங்காளியர் குரல்களே என்பதை மறத்தலாகாது. வயற்காட்டில் உழைப்பவர் அந்தச் சாய்விருக்கையில் படுத்தவரல்லர்.

அதே சங்கத்தின் தொடக்க உறுப்பினருள் ஒருவர் ஓவன் பார்க்லி-ஹில். ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். இவரோ, இந்துக்களின் சமயத்தையும் மெய்யியலையும் குணத்தையும் குழந்தைப் பருவத்து மலம்சார் இன்பத்தின் விளைவென்று விளக்கி 1921-இல் கட்டுரை வரைந்தார். பள்ளி ஒன்றே, நூல்களும் அவையே. ஒருவர் நோயாளியின் சொல்லைக் கொண்டு கொள்கையைத் திருத்த முயன்றார். மற்றவர் கொள்கையைக் கொண்டு ஒரு மக்கட் கூட்டத்தையே இழிவுபடுத்தினார்.

ஆயர்கள் இவ்வரலாற்றில் வெறும் பார்வையாளராய் இருந்தவரல்லர். சூரிக் நகரத்துப் போதகர் ஓஸ்கர் ஃபிஸ்டர் 1909 முதல் ஃபிராய்டின் நண்பர். சமயத்தை மாயை என்று ஃபிராய்டு 1927-இல் நூல் எழுதியபோது, நட்பை முறிக்காமல் மறு ஆண்டே மறுப்பு எழுதினார். அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் 1920-இல் தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். நலம் பெற்று ஊஸ்டர் மனநோய் மருத்துவமனையில் ஆன்ம குருவாகி, 1925-இல் இறையியல் மாணவரை அங்கே அழைத்து, நூல்களைப் படிப்பதுபோல நோயுற்ற மனிதரையும் படிக்கப் பயிற்றுவித்தார். நடத்தைக் கொள்கையினர் பற்றி இங்கு அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் மனிதரைப் பேசவிடவே இல்லை. ராஜர்ஸ் நியூயார்க் யூனியன் இறையியற் கல்லூரியில் பயின்று விலகியவர். அவரது செவிமடுக்கும் முறை நமக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. எனினும் அவர் முன் அமர்ந்தவர் தனியே வந்து, தனியே முடிவெடுத்த மனிதர். நம்மிடம் மாமியாரும் கணவனும் நாத்தியும் சேர்ந்தல்லவா வருகிறார்கள்?

இந்த வினாவுக்கு விடை ஏட்டில் அன்று, வேலூரில் உருவாயிற்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில் உறவினர் நோயாளியுடன் தங்கி, சிகிச்சையில் பங்கு கொண்டனர். இதை எந்தப் பள்ளியின் கீழ் வைப்பது? நம் பாடநூல் அட்டவணையில் இதற்கு இடமில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டனர். அவர்களும் உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்களே. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. ஜெபவீடுகளுக்கும் அது பொருந்தும் என்பதை நம் ஆயர்களில் எத்தனை பேர் சபையாருக்குச் சொல்லியிருக்கிறோம்?

'ஃபிராய்டின் கொள்கையை விளக்குக' என்று வினாத்தாளில் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். அதற்குப் பதிலாக, 'போஸ் தம் நோயாளிகளிடம் கேட்டதையும் நீர் உம் சேகரத்தில் கேட்டதையும் ஃபிராய்டின் கூற்றோடு ஒப்பிடுக; மருத்துவரிடம் நீர் அனுப்பிய ஒருவரைப் பற்றியும் எழுதுக' என்று ஓர் ஆண்டேனும் கேட்டுப் பார்க்கலாம். விடை எழுத மாணவர் முதலில் ஊருக்குள் போக வேண்டியிருக்கும்.