மேல்காற்றில் ஒரு சைக்கிள் குழு: எப்படி ரசிப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று கிழக்கே பாய்கிறது. மலையில் தடைபட்ட காற்று அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் கூடிவிடுகிறது. முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் காடுபோல நிற்பதற்குக் காரணம் அதுதான். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பும் சுமார் 160 கி.மீ. சைக்கிள் பயணத்தில் பக்கக்காற்று, எதிர்காற்று, பின்காற்று மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும். காற்று கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து ஓட்டும்போது அவர்களின் வரிசை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தவருக்கு நாள் முழுக்க அலுப்பே இருக்காது.

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவருக்கு எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், அவர் உடலில் மோதுவது 40 கி.மீ. காற்று. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தத் தடையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். பெரிய பந்தயக் கூட்டங்களில் மிச்சம் இன்னும் அதிகம்: 121 பேர் கொண்ட கூட்டத்தை பெர்ட் பிளாக்கன் தலைமையிலான குழு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, நடுவில் இருப்பவருக்குத் தனியாக ஓட்டும்போது இருக்கும் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான்.

விடியுமுன் புறப்படும் குழு நாங்குநேரி வரை சும்மா இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே போகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வள்ளியூர்ப் பக்கம் பனையோலைகள் எல்லாம் கிழக்கே வாரிவிட்டாற்போல் கிடக்கும். காற்றாலைகள் இன்னும் துல்லியம். சுழலும் முகத்தை அவை எப்போதும் காற்று வரும் திசைக்கே திருப்பி வைத்திருக்கும். இங்கே சாலை பெரும்பாலும் தெற்கு நோக்கிப் போவதால் காற்று வலப்புறத்திலிருந்து அடிக்கிறது. நேர் பின்னால் ஒளிந்து பயனில்லை. இரண்டாமவர் சற்று இடப்புறம் விலகிப் பின்தங்குவார், மூன்றாமவர் அவருக்கும் இடப்புறம். வரிசை சாய்ந்துகொள்ளும். டச்சுக்காரர்கள் இந்தச் சாய்வு வரிசைக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'விசிறி' என்று பொருள். பந்தயத்தில் விசிறி சாலையின் அகலம் முழுக்க விரியும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் அது கூடவே கூடாது. பக்குவப்பட்ட குழு, ஓரப்பாதைக்குள் அடங்கும்படி இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு விசிறிகளாகப் பிரிந்துகொள்ளும். லாரி ஒன்று கடக்கையில் காற்று ஒரு கணம் அறுந்து, மறுகணம் மொத்தமாக வந்து அறையும். தோள் இறுகாமல், கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்தே அதை வாங்கிக்கொள்கிறவர் அனுபவசாலி.

காவல்கிணற்றில்தான் காட்சி மாறுகிறது. நேரே போனால் கன்னியாகுமரி. நாகர்கோவிலுக்கு மேற்கே திரும்ப வேண்டும். திரும்பியதும் காற்று முகத்துக்கு நேரே வந்துவிடும். சாய்ந்திருந்த வரிசை, யாரும் சொல்லாமலே, சில நொடிகளில் ஒற்றைச் சரமாக நிமிரும். அந்தச் சில நொடிகளைத் தவறவிடவே கூடாது. இனி காதுக்கும் வேலை உண்டு. முன்னால் இருப்பவரின் காதில் ஓயாத இரைச்சல். பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு அது சட்டென்று அடங்கி, தன் சைக்கிளின் சங்கிலி ஓடும் சத்தம் கேட்கும். முன்னவரின் குரலைக் காற்று பின்னால் கொண்டுவந்து கொடுத்துவிடும். கடைசி ஆள் கூப்பிட்டால் முன்னே எட்டாது. பஞ்சர் ஆன செய்தி ஆள் மாற்றி ஆளாகத்தான் முன்னேறும்.

முன்னிலை எடுப்பதில்தான் ஒருவரின் தரம் தெரியும். தன் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டுகிறவர் குழுவை உடைக்கிறார். நல்லவர் அதே வேகத்தைக் காத்து, ஓரிரு நிமிடங்களில், களைப்பு தெரியுமுன்னே ஒதுங்கி, வரிசையின் கடைசிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார். பின்னால் வருகிறவர்களின் அழகு பிரேக்கைத் தொடாமல் இருப்பது. முன்சக்கரம் நெருங்கிவிட்டால் உடலை நிமிர்த்தி, அல்லது கொஞ்சம் விலகிக் காற்றில் நீட்டி, அந்தத் தடையாலேயே வேகத்தைக் குறைப்பார்கள். தளர்ந்தவரை முன்னே வரவிடாமல் நடுவிலேயே வைத்துக் கூட்டிப்போகும் குழுவைப் பார்ப்பது தனி நிறைவு.

ஆரல்வாய்மொழியை நெருங்கினால் மலையில் மேகம் தொங்கும், சாரலும் விழலாம். தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டினால் நாகர்கோவில் தொலைவில்லை.

திரும்பும் வழியில், காவல்கிணறு வரை மதியக் காற்று முதுகில். இந்தத் தொலைவில் போகும்போது மணிக்கு 15 கி.மீ., வரும்போது 30 என்றால் சராசரி இருபத்திரண்டரை வராது, 20தான். எதிர்காற்றில் கழிந்த மணிநேரங்கள் அதிகம். பின்காற்றில் ஒளிய இடம் தேவையில்லாததால் வரிசை கலைந்து, ஆளாளுக்கு அகன்று பேச்சு தொடங்கும். காற்றும் சைக்கிளும் ஒரே வேகத்தில் போகும் இடங்களில் காதில் இரைச்சலே இராது. சட்டையில் வியர்வை உலராமல் வெயில் திடீரென்று உறைக்கும். சாலையோரத்துப் புழுதி சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கூடவே மிதந்து வரும்.