சம்பளமும் எழுத்தும்

பகலில் புரோகிராம், இரவில் சிறுகதை என்று வாழும் சென்னைக்காரர்கள் பலருக்கும் முன்னோடி எழுத்தாளர் சுஜாதாதான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடியே எழுதிக் குவித்தவர். ஓய்வுக்குப் பிறகு மயிலாப்பூர்வாசியானார். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாய், மின்னணுவியலோடு நாள் முழுக்கப் புழங்கிய ஒருவரின் கற்பனை. வேலை அவருக்கு இடைஞ்சலாக இல்லை, சரக்காக இருந்தது.

அசோகமித்திரன் எதிர்த்திசையில் போனவர். 1966இல் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு விலகி, தி.நகரில் இருந்துகொண்டு எழுத்தையே நம்பினார். நடேசன் பூங்காவில் உட்கார்ந்தும் எழுதினார். பணக்கஷ்டம் தீரவில்லை. ஆனால் அவருடைய ‘கரைந்த நிழல்கள்’ சினிமாத் தொழிலுக்குள் இருந்து பார்த்தவரால் மட்டுமே எழுத முடிந்த நாவல். வேலையை உதறியவருக்கும் அந்த வேலைதான் நாவலைத் தந்திருக்கிறது.

மாதச் சம்பளம் இருந்தால் பத்திரிகைக்காக வளைய வேண்டாம், விற்பனைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். பெரிய சுதந்திரம்தான். அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. வேலை பார்த்தபடி எழுதும் நாம், ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் நூல் வந்துவிட வேண்டுமென்று கைக்காசைப் போட்டு அச்சிடுகிறோம். எடிட்டர் கை படாமலே நூல் கடைக்கு வருகிறது. அலுவலகத்தில் நாலு வரி புரோகிராம் எழுதினால்கூட இன்னொருவர் ரிவ்யூ செய்யாமல் உள்ளே போகாது. முந்நூறு பக்க நாவலை மட்டும் யாரும் படித்துத் திருத்தாமல் வெளியிடத் துணிகிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு மூளைக்கு. டிசம்பரில் நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் அடையாறில் இரவு எட்டரை. அங்குள்ளவர்களோடு போன் பேச்சு முடிந்து, லேப்டாப்பை மூடிய பிறகும் புரோகிராமில் பிடிபடாத ‘பக்’ ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். கதாபாத்திரம் உட்கார வேண்டிய இடம் அது. கவிதையும் சிறுகதையும் இந்த வாழ்க்கையில் எப்படியோ தப்பிப் பிழைக்கின்றன. மாதக்கணக்கில் மனத்தில் சுமக்க வேண்டிய நாவல்தான் பாதியில் நின்றுபோகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது வேறு. இரா. முருகனின் ‘மூன்று விரல்’, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ மாதிரி மென்பொருள் உலகுக்குள் நுழைந்த நாவல்கள் தமிழில் மிகச் சில. சென்னையின் மென்பொருள் பூங்காவான டைடல் பார்க் 2000இல் திறந்தாயிற்று. கால் நூற்றாண்டாக லட்சக்கணக்கானோர் உழைக்கும் தொழில் இது. புராஜெக்ட் கிடைக்காமல் ‘பெஞ்ச்’சில் காத்திருக்கும் பையனும், அப்ரைசல் அறையிலிருந்து கண்கலங்கி வரும் பெண்ணும் நம் பக்கத்து இருக்கைக்காரர்கள். நாமோ எழுத உட்கார்ந்ததும் பிறந்த கிராமத்துக்கு ஓடிவிடுகிறோம்.

வேலையை விடாதீர்கள். பக்கத்து இருக்கையை எழுதுங்கள். எழுதியதை, தயவுதாட்சண்யம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். அதற்காக ஒரு புத்தகக் காட்சி தவறிப்போனாலும் பரவாயில்லை.